அட்டையா, ஆடிய பொருளா? திருகோணமலைச் சேகரிப்பாளர் தெரிவு செய்யும் முறை

திருகோணமலையில் இருந்துகொண்டு விளையாட்டு நினைவுப்பொருள் சேகரிக்க விரும்புபவர், வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்பதா, போட்டியில் உண்மையாகவே பயன்பட்ட மட்டை, பந்து, சட்டை போன்றவற்றைச் சேர்ப்பதா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. இந்த இரண்டையும் நூறாண்டுக்கு மேலாக வளர்த்து, அவற்றுக்கான ஏலச் சந்தையையும் சோதனை முறைகளையும் மோசடிகளையும் ஒருசேர உருவாக்கியது அமெரிக்க பேஸ்போல் உலகம். ஆகவே கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பார்த்து வளர்ந்த நாமும் அங்கிருந்துதான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானோர் விலையைப் பார்த்தே தெரிவு செய்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, வாங்கும் பொருள் உண்மையானது என்பதை நாமே சோதித்துப் பார்க்க முடியுமா என்பதுதான். அட்டையின் உண்மை அட்டையிலேயே இருக்கிறது. கையில் எடுத்து அளக்கலாம், ஒளியில் பிடித்துப் பார்க்கலாம். ஆடிய பொருளின் உண்மையோ அதனோடு வரும் சாட்சியத்தில் இருக்கிறது, அந்தச் சாட்சியம் எங்கோ தொலைவில் யாரிடமோ இருக்கிறது. இதனால் நான் சொல்லும் வழி எளிது: வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் அட்டையை வாங்குங்கள், ஆடிய பொருள் வேண்டுமானால் நம்மூர் மைதானத்தில் தேடுங்கள்.

அட்டைகளில் எதைத் தேடுவது என்று தெரிய, எது ஏன் அரிதானது என்ற வரலாறு சிறிதளவாவது தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்து வெளியிட்ட தொகுதியில் பேஸ்போல் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிகக் குறைவாகவே வெளிவந்தது. அதன் ஒரு பிரதி 2022 ஆகஸ்ட்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குக் கைமாறியது. டொப்ஸ் நிறுவனம் 1952 இல் வெளியிட்ட, மிக்கி மான்டில் என்ற வீரரின் அட்டையின் கதை வேறு. அந்த அட்டை அடங்கிய தொகுதியின் பிற்பகுதி விற்காமல் தேங்கிக் கிடந்ததால், 1960 இல் எஞ்சியவற்றைப் படகில் ஏற்றி அத்திலாந்திக் கடலில் கொட்டியதாக, அதை வடிவமைத்த சை பெர்ஜரே கூறியிருக்கிறார். மான்டில் அட்டைகளில் மிக நல்ல நிலையில் தப்பிய ஒன்று 2022 ஆகஸ்ட்டில் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விற்றது. இதற்கு நேர்மாறாக, 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் அளவுகணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. "முப்பது வருடப் பழைய அட்டை" என்று சொல்லி யாராவது ஒரு பெட்டியை நீட்டினால், அது அந்தக் காலத்து அட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அழகுக்காக வாங்கலாம், முதலீடென்று நினைத்து வாங்க வேண்டாம்.

வாங்கும்போது முதலில் அளவை எடுங்கள். 1957 முதல் டொப்ஸ் அட்டைகள் இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டவை, அதாவது 63.5 மில்லிமீற்றரும் 88.9 மில்லிமீற்றரும். அதே தொகுதியைச் சேர்ந்த மலிவான அட்டையொன்றைக் கீழே வைத்து, வாங்கப்போகும் அட்டையை அதன்மேல் பொருத்தி, நான்கு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மயிரிழை உள்வாங்கியிருந்தால், தேய்ந்த ஓரத்தை யாரோ வெட்டிச் சீராக்கியிருக்கக்கூடும். இதை அற்பமென்று எண்ண வேண்டாம். தரம் பிரிக்கும் நிறுவனமான பி.எஸ்.ஏ. 1991 இல் முதன்முதலாகத் தரமிட்ட அட்டையே ஒரு வாக்னர் அட்டைதான். பத்துக்கு எட்டு கொடுத்தார்கள். அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

அடுத்து பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடியால் எழுத்துகளைப் பாருங்கள். பழைய அச்சில் படம் சிறு நிறப்புள்ளிகளால் ஆனதாக இருந்தாலும், பெயரும் கறுப்புக் கோடுகளும் புள்ளியின்றி ஒரே சீரான மையில் விழுந்திருக்கும். பிரதியெடுத்து மீண்டும் அச்சிட்ட போலியில் எழுத்தின் ஓரமும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். மிகப் பழைய அட்டை என்றால், கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புறஊதா விளக்கின் கீழ் ஒரு தடவை பிடியுங்கள். கடதாசியை வெண்மையாக்கும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலானவை. 1910 ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லப்படுவது நீலமாகப் பளிச்சிட்டால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

இணையத்தில் வாங்குபவருக்கு இந்தச் சோதனைகள் பொருள் கைக்கு வந்த பின்னரே கைகொடுக்கும். ஆகவே சற்று விலை கூடிய அட்டையானால், ஏற்கெனவே தரமிட்டுக் கடினப் பிளாஸ்டிக் உறையில் அடைத்ததையே வாங்குவது உத்தமம். உறையில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டு, அங்குள்ள விபரமும் படமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் உறையையே போலியாகச் செய்பவர்களும் உண்டு. இங்கிருந்து பி.எஸ்.ஏ. இருக்கும் கலிபோர்னியாவுக்கு அனுப்பித் தரமிடுவிப்பது, போக்குவரத்துச் செலவையும் காப்புறுதியையும் கூட்டிப் பார்த்தால், சாதாரண அட்டைக்குக் கட்டுப்படியாகாது. விலையைக் கணக்கிடும்போது சுங்கவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி குறையட்டும் என்று விற்பவர் "அன்பளிப்பு" என்று எழுதி அனுப்ப முன்வந்தால் மறுத்துவிடுங்கள், வழியில் பொதி தொலைந்தால் இழப்பீடு கேட்க உங்கள் கையில் எதுவும் இராது.

அட்டைக்குள்ளேயே சட்டைத் துணியின் துண்டொன்றைப் பதித்து விற்கும் கலப்பினமும் உண்டு. அப்பர் டெக் நிறுவனம் 1997 இல் பேஸ்போலில் இதைத் தொடங்கிய பின் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பின்பக்கத்தைப் படியுங்கள்: பல அட்டைகளில், உள்ளே இருக்கும் துணி குறிப்பிட்ட எந்தப் போட்டியோடும் பருவத்தோடும் தொடர்புடையதல்ல என்று அவர்களே அச்சிட்டிருப்பார்கள். இரண்டு சேகரிப்பையும் ஒரே விலையில் பெற்றதாக மகிழ்பவர் கடைசியில் ஒரு துண்டுத் துணியைத்தான் பெறுகிறார். எனக்கு இவற்றின்மேல் பற்றில்லை.

ஆடிய பொருளுக்கு வருவோம். அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1932 இன் மூன்றாவது ஆட்டத்தில் பேப் ரூத் என்ற வீரர் அணிந்திருந்த சாம்பல் நிறச் சட்டை 2005 இல் 9 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விற்றது. அதே சட்டை 2024 ஆகஸ்ட்டில் 2 கோடியே 41 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்குப் போனது. இடையில் சந்தை வளர்ந்தது உண்மையே. ஆயினும் துணியில் எழுத்துகள் தைக்கப்பட்டிருக்கும் விதத்தை அன்றைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, இது அந்த ஆட்டத்தில் அணிந்த சட்டையேதான் என்று நிபுணர்கள் உறுதிசெய்ததே அந்த விலையைத் தாங்கி நிற்கிறது. 1986 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த சட்டையும் அப்படியே. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹொட்ஜ் அவரிடம் மாற்றிக்கொண்ட அந்தச் சட்டை 2022 இல் ஏலத்துக்கு வந்தபோது, அது கோல்கள் விழாத முதற்பாதியில் அணிந்தது என்று மரடோனாவின் மகள் கூறினார். புகைப்பட ஒப்பீட்டைக் காட்டியே ஏல நிறுவனம் அதை மறுத்தது. இடைவேளைக்கு முன்னா பின்னா என்ற ஒரு கேள்வியில் அதன் மதிப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

கையொப்ப மோசடிகளை அமெரிக்கப் புலனாய்வுத் துறை அம்பலப்படுத்திய பின், அமெரிக்க பேஸ்போல் லீக் 2001 இல் தனக்கென ஓர் உறுதிப்படுத்தும் முறையைத் தொடங்கியது. சட்ட அமலாக்கத் துறைகளில் பணியாற்றிய அனுபவமுள்ளவர்கள் மைதானத்திலேயே இருந்து, பொருள் ஆட்டத்திலிருந்து வெளிவருவதைக் கண்ணால் கண்டு, தனி எண் கொண்ட ஹொலோகிராம் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் இருந்தால் எண்ணைச் சரிபாருங்கள். இல்லாவிட்டால் பொருளின் தடயங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அந்த லீக்கின் ஆட்டப் பந்துகள் எல்லாவற்றிலும், பளபளப்புப் போக்குவதற்காக, டெலவெயர் ஆற்றுப் பக்கத்துச் சேற்றை முன்கூட்டியே தேய்த்துவிடுவார்கள்; ஆகவே "ஆட்டத்தில் பயன்பட்ட பந்து" பால்போல் வெள்ளையாக மின்னினால் சந்தேகப்படுங்கள். கிரிக்கெட் மட்டையில் சிவப்புப் பந்தின் சாயம் செந்தழும்புகளாகப் படியும், வெள்ளைப் பந்து அப்படிப் படியாது. வெள்ளைப் பந்து வந்த 1992 இலோ அதற்குப் பின்னரோ நடந்த ஒருநாள் உலகக் கிண்ணத்தில் ஆடியதென்று விற்கும் மட்டையின் முகமெல்லாம் சிவந்திருந்தால், விற்பவரிடம் அதற்குக் காரணம் கேட்கலாம். சான்றிதழ் என்ற பெயரில் விற்பவரே அச்சிட்டுத் தரும் கடதாசிக்கு, அந்தக் கடதாசியின் விலைதான்.

வெளிநாட்டுச் சாட்சிகளை நாம் விசாரிக்க முடியாது. மக்கெய்சர் விளையாட்டரங்கிலோ ஏகாம்பரம் மைதானத்திலோ நாமே சாட்சி. கடினப் பந்துச் சுற்றுப்போட்டியொன்றில் ஐந்து இலக்குகளை வீழ்த்திய பந்து, பாடசாலைகளுக்கிடையிலான ஆட்டத்தில் சதமடித்த மட்டை, உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் அணிந்த சட்டை ஆகியவை இன்று ஆயிரக்கணக்கில் விலைபோகாமல் இருக்கலாம். ஆனால் முழுச் சாட்சியத்தோடு ஒரு பொருளைப் பெறும் வசதி, பெரும் பணம் படைத்த சேகரிப்பாளர் பலருக்கும் கிட்டாதது. அந்த இளைஞர்களில் ஒருவர் நாளை தேசிய அணிக்குப் போனால் நீங்கள் வைத்திருப்பதற்கு ஈடில்லை.

செய்யும் முறை இது. ஆட்டம் நடக்கும்போதே பொருளைத் தெளிவாகப் படமெடுங்கள்: மட்டையானால் ஸ்டிக்கர் கிழிந்த இடம், பிடிச்சுற்று, அடிவிளிம்பின் வெடிப்பு, சட்டையானால் எண்ணின் ஓரம் தையலோடு சேரும் இடம். முடிந்ததும் வீரரிடமும் கழகத்தின் பொறுப்பாளரிடமும் கேட்டு, அவர்கள் மனமொப்பிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த மாணவரானால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசாமல் எதையும் பெற வேண்டாம். பிறகு ஒரு தாளில் திகதி, மைதானம், இரு அணிகள், வீரரின் பெயர், அவர் செய்தது, பொருள் கைமாறிய விதம் ஆகியவற்றை எழுதி, வீரரிடமும் நடுவர் ஒருவரிடமும் ஒப்பம் வாங்கி, ஸ்கோர் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து இணையுங்கள். ஒப்பத்தைப் பொருளின் மேலேயே போடச் சொல்பவர்கள் உண்டு. தாளில் போடுவிப்பதையே நான் விரும்புகிறேன், தழும்புகளுக்கு மேல் மை ஏறினால் பிற்காலத்தில் ஒப்பிட வேண்டிய தடயம் மறைந்துவிடும்.

கிடைத்த சட்டையைத் தோய்க்கக் கூடாது. வியர்வையோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்குமே என்று வீட்டில் சொல்வார்கள். அது சரிதான், அதற்கு வழி நிழலில் நன்றாகக் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி வைப்பது. சேறும் புல்கறையும் அப்படியே இருக்கட்டும்.

பராமரிப்பில் திருகோணமலைக்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து சுவரெல்லாம் ஈரமாக்கும்; உப்புவெளி, உவர்மலை போன்ற கரையோர வீடுகளில் உப்புக்காற்று வேறு. வெயிற்காலத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே அலுமாரி காய்ந்து சூடேறும். இந்த ஏற்ற இறக்கத்தில் மினுமினுப்புப் பூசிய அட்டைகள் கிண்ணம்போல் வளையும். அட்டையை முதலில் மெல்லிய பொலிப்புரொப்பிலீன் உறையிலும், அதன்பின் டாப்லோடர் எனப்படும் கடின உறையிலும் இட்டு, வெளிச்சுவரில் ஒட்டாத அலுமாரியில், தரையிலிருந்து உயரமான தட்டில், நிமிர்த்தி அடுக்குங்கள். பி.வி.சி. ஆல்பங்கள் காலப்போக்கில் கசிந்து அச்சில் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பைகளைப் பெட்டிக்குள் வைத்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் பயந்து நப்தலின் உருண்டை போடுபவர்கள் அதைப் பிளாஸ்டிக் உறைகளோடு சேர்த்து வைக்க வேண்டாம், சில பிளாஸ்டிக் வகைகளை அது இளக்கிவிடும். தோற்பந்தைப் பொலித்தீனில் கட்டினால் ஒரே மாரியில் பச்சை படரும்; காற்றுப் புகும் காட்போட் பெட்டி போதும். மட்டைக்கு எண்ணெய் பூசிப் புதிதாக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

சாட்சியத் தாள்களைப் பொருளோடு ஒரே அலுமாரியில் வைப்பது போதாது. ஒவ்வொன்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் ஒரு பிரதியும், வேறொரு வீட்டில் ஒரு அச்சுப் பிரதியும் வைத்திருங்கள். பொருளைப் பிறருக்குக் கொடுக்கும் நாளில் மூலத்தாளைப் பொருளோடு கொடுத்து, யாரிடம் எப்போது போனது என்ற ஒரு வரியை அதன் அடியில் சேர்த்து எழுதி ஒப்பமிடுங்கள்.