ஓக் வண்டு: பகலில் துளை, அந்தியில் படம்

ஐரோப்பிய ஓக் காடுகளில் செராம்பிக்ஸ் செர்டோ என்ற நீள்கொம்பு வண்டைப் படமெடுக்க, பகலிலேயே மரத்தைக் குறித்துவையுங்கள். வெயில் படும் முதிய ஓக் மரத்தில் வண்டு வெளியேறிய, விரல் நுழையும் முட்டை வடிவத் துளை, உள்ளே செம்பழுப்பு, அடியில் மரத்தூள்: அது புதுசு. கறுத்த துளை பழசு, விட்டுவிடுங்கள்.

ஜூன், ஜூலையில் அந்தி சாய்ந்ததும் அங்கேயே திரும்புங்கள். வண்டு அப்போதுதான் அடிமரத்தில் நடமாடும். பிறந்த மரத்தை விட்டு அதிகம் விலகாது. நேரடி ஃபிளாஷ் கரிய முதுகில் வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும்; வெள்ளைத் துணியால் ஒளியை மட்டுப்படுத்தி, லென்ஸ் திறப்பை எஃப் 11இல் வைத்து எடுங்கள்.

குளிர்ந்த, மழை இரவுகளில் இது பலிக்காது. பொந்துக்குள் வாழும் ஆஸ்மோடெர்மா என்ற வேறு வண்டுக்கும் பொருந்தாது. எதற்காகவும் மரப்பட்டையை உரிக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் காக்கும் இனம் செராம்பிக்ஸ் செர்டோ.