சவரக்கத்திக்கு முதல் தோல் வார்: வெட்டுப்படும் என்று தெரிந்தே வாங்குங்கள்

திருகோணமலையில் இப்போது எந்தச் சலூனுக்குப் போனாலும் பிளேடைப் பாதியாக உடைத்துப் பிடியில் சொருகித்தான் சவரம் செய்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஒரு பாதி, முடிந்ததும் குப்பை. சுகாதாரத்துக்கு அதுதான் சரி. ஆனால் அதோடு, கத்தி இழுப்பதற்காகக் கதிரைக்குப் பக்கத்தில் தொங்கிய தோல் வாரும் போய்விட்டது. ஆசைப்பட்டு மடக்குச் சவரக்கத்தி வாங்கியவர், வார் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டால் சொல்வதற்கு ஊரில் ஆட்கள் குறைவு. அதற்காகத்தான் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தோல் வார் சாணைக்கல் இல்லை. கல் இரும்பைத் தேய்த்துப் புதிதாகக் கூர் உண்டாக்குகிறது. வார் செய்வது வேறு. ஒவ்வொரு சவரத்திலும் கத்தியின் நுனி விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கும் இங்குமாக வளையும். வார் அதை நேராக்கி, ஒட்டியிருக்கும் ஈரத்தையும் அழுக்கையும் துடைத்துவிடும். மழுங்கிப்போன கத்தியை வாரில் நூறு தரம் இழுத்தாலும் அது மழுங்கலாகவே இருக்கும்.

என் முதல் வார் நல்ல குதிரைத்தோல். கனடாவில் இருக்கும் பெரியம்மா மகன் வந்தபோது கொண்டுவந்து தந்தார். மூன்றாம் நாள் காலையில் கத்தியைத் திருப்புகிற அவசரத்தில் நடுவில் ஒரு பிறைநிலா வெட்டு. அன்று சவரமும் செய்யவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. பிறகு விசாரித்ததில், பழகுகிற எல்லாருமே முதல் வாரை வெட்டியிருக்கிறார்கள். ஆகவே விலை கூடிய வார் இரண்டாவதாக வரட்டும்.

முதற்படி: தோலின் பெயரை விட்டுவிட்டுப் பதனிட்ட விதத்தைப் பாருங்கள்

விற்பவர்கள் குதிரை, மாடு, எருமை என்று மிருகத்தின் பெயரைத்தான் முன்னால் போடுவார்கள். அதைவிட முக்கியம் தோலை எப்படிப் பதனிட்டார்கள் என்பது. மரப்பட்டைச் சாற்றில் ஊறிப் பதப்பட்ட தோல் இறுக்கமாக, தட்டையாக இருக்கும். தென்னிந்தியாவில் ஆவாரம் பட்டையில் பதனிட்டது இந்த வகைதான். குரோம் உப்பில் பதனிட்ட தோல் பெரும்பாலும் மெதுவாக, இழுபடுகிற தன்மையோடு இருக்கும். கைப்பைக்கும் சப்பாத்தின் மேற்பாகத்துக்கும் நல்லது, கத்திக்கு ஆகாது. மெத்தென்ற தோல் கத்தி போகும்போது அமுங்கி, கத்தி தாண்டியதும் எழும்பி விளிம்பைச் சுற்றிக்கொள்ளும். சில நாளில் கூர் உருண்டுவிடும்.

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். சாயம் ஏற்றாத தோலென்றால், பட்டையில் பதனிட்டது உள்ளேயும் மண்ணிறமாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் ஒரு நீலச் சாம்பல் நிறம் தெரியும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். பட்டைத் தோல் குடித்துக் கறுக்கும். வாரில் பரீட்சிக்கக் கடைக்காரர் விடமாட்டார், துண்டுத் தோல் இருந்தால் கேளுங்கள். அப்புறம் வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, கண் மட்டத்தில் வைத்து ஓரமாகப் பாருங்கள். மேடு பள்ளமோ, கீறலோ, தையல் புடைப்போ தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் மாட்டுத்தோல் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. சாமியறைப் பக்கம் அது வரவே கூடாது என்று உத்தரவு. இப்படிச் சங்கடம் உள்ளவர்கள் குதிரைத்தோலையோ எருமைத்தோலையோ தேடலாம். தோலே வேண்டாம் என்றால், பழைய பத்திரிகைத் தாளை நீளவாக்கில் பல மடிப்பாக மடித்து, தட்டையான பலகையில் இறுக்கிக் கட்டி அதில் இழுத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டாம் படி: அகலமும் நீளமும்

சவரக்கத்தியின் விளிம்பு ஏறக்குறைய 3 அங்குலம். வாரும் 3 அங்குல அகலமென்றால் நேராக இழுத்தாலே முழு விளிம்பும் படும். இரண்டரை அங்குல வாரில் கத்தியைச் சரிவாகக் கொண்டுபோக வேண்டும். பழகினால் ஒன்றுமில்லை, தொடக்கத்தில் எரிச்சல். கைபிடியும் வளையமும் போக, இழுக்கக்கூடிய நீளம் 15 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தோலின் பின்னால் பருத்தித் துணிப் பட்டை ஒன்றும் சேர்ந்து வந்தால் நல்லது.

மூன்றாம் படி: இழுவை

கத்தி தோலில் போகும்போது தோல் எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதுதான் இழுவை. சில தோல்கள் கண்ணாடி மாதிரி வழுக்கும், குதிரைத்தோல் அநேகமாக அப்படி. எண்ணெயும் மெழுகும் ஏற்றிய மாட்டுத்தோல் பிடித்து இழுக்கும். எது நல்லது என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆளாளுக்கு மாறுகிற ருசி. தொடங்குபவருக்கு நடுத்தர இழுவை போதும். கத்தி தோலில் படுகிறதா என்று கை உணர வேண்டும், ஆனால் கையோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. உள்ளங்கையைத் தோலில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

நான்காம் படி: தொங்கும் வாரா, பலகை வாரா?

பலகையில் ஒட்டிய வார் தொய்யாது. தொங்கும் வாரை நீங்கள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கத்தி பிடித்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "தம்பி, தொய்ய மட்டும் விடாத. தொய்ஞ்சா கூர் செத்துப்போகும்," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. யன்னல் கம்பியில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், அது ஆடும். இடுப்பு உயரத்தில் சுவரில் ஓர் உறுதியான கொளுக்கி அடியுங்கள். அதற்கு இடமில்லாத வாடகை வீட்டில் பலகை வாரே வசதி.

இழுக்கும் முறை

முதல் இரண்டு நாளும் சவரக்கத்தியைத் தொடாதீர்கள். பாண் பூசுகிற பட்டர் கத்தியை வைத்துப் பழகுங்கள். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் தோலில் படிய வேண்டும். முதுகு முன்னால் போக, விளிம்பு பின்னால் வர வேண்டும். கடைசியில் திருப்பும்போது முதுகு தோலைவிட்டு எழும்பக் கூடாது. முதுகின்மேல் உருட்டித்தான் திருப்ப வேண்டும். நான் வெட்டியது அந்த இடத்தில்தான். கத்தியின் பாரத்துக்கு மேல் அழுத்தம் தேவையில்லை, வேகமும் தேவையில்லை. படத்தில் வருகிற மாதிரிச் சடசடவென்று அடிக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சவரத்துக்கு முன்னால் துணியில் 20, தோலில் 40 தரம் போதும். போய் வந்தால் ஒரு தரம் என்று கணக்கு.

நம்மூர்க் காற்றுக்கு

இந்த ஊரில் வாருக்கு இரண்டு எதிரிகள். வைகாசிக்குப் பிறகு அடிக்கும் கச்சான் காற்று தோலைக் காயவைத்து ஓரங்களைச் சுருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே தோல் பங்கசு பிடிக்கும். குளியலறையில் தொங்கவிடவே வேண்டாம். வெயில் படாத, காற்றோட்டமான அறைச் சுவர்தான் அதற்கு இடம். தினமும் இழுப்பதற்கு முன் சுத்தமான உள்ளங்கையால் நாலைந்து தரம் தேய்த்துவிடுங்கள், அந்தப் பிசுபிசுப்பே அநேகமாகப் போதும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நாம் எதற்கும் அதைத்தான் எடுப்போம், ஆனால் தோல் ஊறி மெதுவாகிப் பிறகு சிக்கு வாடை வரும். கத்திக்கு மட்டும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல், தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். பாவிக்கும்போது துடைத்துவிட்டால் சரி.

வெட்டிவிட்டால்?

ஓரத்தில் சின்னக் கீறல் என்றால் மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து மட்டமாக்கலாம். தூக்கிய தோல் துண்டைச் சப்பாத்து ஒட்டுகிற பசையால் ஒட்டி, காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். நடு வெட்டு ஆழமாக இருந்தால் அந்த இடம் போனது போனதுதான்.

என் குதிரைத்தோலை எறியவில்லை. வெட்டுக்கு மேலே மிஞ்சிய 8 அங்குலத்தை அறுத்தெடுத்து, சீவிய பலகைத் துண்டில் ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஒக்சைட்டுப் பசை பூசி வைத்திருக்கிறேன். சவரத்தின்போது கத்தி கொஞ்சம் மயிரைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் அதில் பத்துத் தரம், பிறகு வழக்கமான வாரில். பசை பூசியதைத் தனியாகவே வையுங்கள். தினமும் பாவிக்கும் வாரில் அது ஒட்டினால் கழுவி எடுக்க முடியாது.