ரங்கூன் மழையில் ஸ்கெட்ச் புக்கைக் காப்பாற்ற

நன்றாக வந்த படத்தை மட்டும் கிழித்துச் சட்டம் போடாதீர்கள். தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால், அதன் மறுபாதி சில பக்கங்கள் தள்ளித் தளர்ந்து, கொஞ்ச நாளில் தானே கழன்று கையோடு வரும். அதைவிடப் பெரிய நட்டம், வரிசை போய்விடுவது. சரியாக வராத நாலு கோபுரமும் ஐந்தாவதாகச் சரியாக வந்த கோபுரமும் அடுத்தடுத்து இருந்தால்தான் கை எங்கே திருந்தியது என்று தெரியும். சட்டம் வேண்டுமென்றால் ஸ்கேன் எடுத்து அச்சிடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் தேதி, நேரம், இடம், வெளிச்சம் வந்த திசை, ஒரு குறை. "அனோரத்தா சாலை காளி கோவில், காலை 7, வெயில் வலப்பக்கம், மேல் அடுக்கு குட்டையாகிவிட்டது." இவ்வளவு போதும். பத்து வருடம் கழித்துப் படத்தைவிட இந்த வரிதான் அந்தக் காலையைத் திருப்பித் தரும். ஆனால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். அதன் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும், சில மைகள் பின்பக்கத்துக்கும் ஊறும். பென்சில், இல்லையென்றால் நீரில் கரையாத பிக்மென்ட் மை பேனா.

ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் உட்கார்ந்து வரைய 2B பென்சில் போதும். அதைவிட மென்மையான 6B எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். அப்படி வரைந்தால் இடையே பட்டர் பேப்பர் வையுங்கள். செய்தித்தாள் கூடாது, அதன் மை படத்தில் ஒட்டும். பென்சில் கோடு அப்பாமல் இருக்கத் தெளிக்கும் பிக்ஸேட்டிவ் அடிப்பதென்றால் ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்திலிருந்து, லேசாக இரண்டு தடவை. மழை நாளில் அடித்தால் வெள்ளைப் படலம் விழலாம்.

மே நடுவில் மழை பிடிப்பதற்குள் நோட்டுகளை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அடித்தட்டும் வேண்டாம், அது கரையானுக்கு முதல் படி. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அதன் நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் நிரம்பிவிட்டது, சூடுகாட்டி மறுபடி பயன்படுத்தலாம். ஈர நோட்டை டப்பாவில் பூட்டினால் பூஞ்சைக்குத் தொட்டில் கட்டியது போல. வேப்பிலையைப் பக்கங்களுக்குள் வைக்காதீர்கள், கறை பிடிக்கும்.

நனைந்தே போனால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்த வேண்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். ஒட்டிய பக்கங்களை ஈரமாக இருக்கும்போது பிரிக்காதீர்கள். படத்தின் மேல்தோல் உரிந்து அடுத்த பக்கத்தோடு போய்விடும். தானாகப் பிரியும் இடங்களில், பத்து தாளுக்கு ஒன்றாக, அச்சில்லாத வெள்ளை உறிஞ்சுதாள் வைத்து, ஊறியதும் மாற்றுங்கள். நிறைய செருகினால் தையல் விரிந்து முதுகு உடையும். ஈரம் பாதி குறைந்ததும் நோட்டை விசிறிபோல் விரித்து நிறுத்தி, மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பிவிடுங்கள். வெயில் வேண்டாம், தாள் நெளியும். ஃப்ரீசரில் வைத்து நாள் கடத்தும் வழியும் உண்டு. மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் அதை நம்ப முடியாது. தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காய்ந்ததும், இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றி மூன்று நாள் விடுங்கள்.

பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், தாளுக்குள் தேய்ந்து இறங்கும். நன்றாகக் காயவிட்டு, முகக்கவசத்தோடு வாசலில் நின்று, மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள்.