தார ஸ்தாயியில் நாதம் பிசிறாமல் புல்லாங்குழல் ஊதும் முறை

மத்திய ஸ்தாயியில் (நடு சுர வரிசையில்) இனிமையாகப் பேசும் குழல், தார ஸ்தாயி என்னும் மேல் வரிசையின் முதல் சுரமான தார ஷட்ஜத்தைத் (மேல் 'ச') தொட்டவுடன் கீச்சிடுகிறது, அல்லது வெறும் காற்றாகவே போய்விடுகிறது. கோலாலம்பூரில் கர்நாடக முறையில் புல்லாங்குழல் பயிலும் மாணவர்கள் பலரும் இந்தக் குறையைச் சொல்கிறார்கள். இதற்கு அவர்கள் தாமாகவே கண்டுகொள்ளும் வழி இன்னும் பலமாக ஊதுவதுதான். சுரம் கிடைத்துவிடுகிறது என்பதால் அந்தப் பழக்கம் படிந்துவிடுகிறது. ஆனால் நாதத்தைக் கெடுப்பதும், சுருதியை மேலே தள்ளுவதும், கேட்பவரின் காதைக் கூச வைப்பதும் அந்தப் பலமே. தார ஸ்தாயியின் நாதம் பெரும்பாலும் உதட்டில் இருக்கிறது என்பதும், ஒரு மேல் சுரத்தை மென்மையாக ஊத முடியாதவரை அந்தச் சுரம் நமக்கு வசப்படவில்லை என்பதும் என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் பயிற்சிகள் எல்லாம் அந்தக் கருத்தை ஒட்டியவை.

முதலில் குழலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்வது நல்லது. உதடுகளுக்கிடையிலிருந்து வரும் மெல்லிய காற்றுக்கீற்று, ஊதுதுளையின் எதிர் விளிம்பில் மோதி, அதற்கு மேலும் கீழுமாக அசைந்து, குழலுக்குள் இருக்கும் காற்றைத் துடிக்க வைக்கிறது. அந்தக் கீற்று உதட்டிலிருந்து விளிம்பைச் சென்றடையும் நேரம் குறையக் குறையக் குழல் மேல் சுரத்துக்குத் தாவுகிறது. தார ஷட்ஜத்தின் அதிர்வெண் மத்திய ஷட்ஜத்தைப் போல் 2 மடங்கு என்பதால், அந்த நேரம் நன்றாகவே குறைய வேண்டும். காற்றின் வேகத்தைக் கூட்டியும் குறைக்கலாம், உதட்டை விளிம்புக்கு நெருக்கமாகக் கொண்டுபோயும் குறைக்கலாம். வேகத்தை மட்டுமே நம்பினால் ஒலி பருத்துச் சுருதி ஏறிவிடும். தேர்ந்த வித்துவான்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். அதனால்தான் அவர்கள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது முகத்தில் எந்தச் சிரமமும் தெரிவதில்லை.

உதட்டைப் பொறுத்தவரை, மேல் சுரத்துக்குப் போகும்போது வாயின் ஓரங்களைச் சிரிப்பது போல இழுப்பது மிகப் பரவலான தவறு. இழுத்த உதடு மெலிந்து இறுகுவதால் நாதமும் மெலிந்து இறுகிவிடுகிறது. சூடான தேநீரை ஆற்ற ஊதும்போது உதடுகள் முன்னால் குவிவது போல, இரண்டு உதடுகளும் சிறிதளவு முன்னேற வேண்டும். கீழ் உதடு ஊதுதுளையை மத்திய ஸ்தாயியில் மூடுவதைவிடச் சற்றே கூடுதலாக மூடும். உதடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி சிறுத்துக்கொள்ளும். இவை அனைத்தும் மயிரிழை அளவிலான மாற்றங்கள். உதட்டை முன்னே கொண்டுபோவதற்குப் பதிலாகக் குழலையே உள்நோக்கி உருட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சுருதி இறங்கி, நாதம் அடைபட்டுப் போகும்.

பயிற்சியை மத்திய ஷட்ஜத்திலிருந்து தொடங்குங்கள். இடது கையின் முதல் இரண்டு துளைகளை மூடிச் சுருதிப்பெட்டியோடு சேர்ந்து ஷட்ஜத்தில் கார்வை கொடுங்கள், அதாவது சுரத்தை நீட்டி நிறுத்துங்கள். விரல்களை அசைக்காமல், நாக்கால் தட்டாமல், மூச்சை இடையில் முறிக்காமல், உதடுகளை மட்டும் மெல்ல முன்னே நகர்த்தித் தார ஷட்ஜம் மலரும் வரை காத்திருங்கள். தாவும் கணத்தில் ஒலி திடீரெனப் பெருத்தால், உதட்டைவிடக் காற்று முந்திக்கொண்டது என்று அறியலாம். தார ஷட்ஜம் வந்தபின் காற்றைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். குறைக்கும்போது சுருதி இறங்கப் பார்க்கும், அல்லது சுரம் கீழ் ஸ்தாயிக்கு நழுவப் பார்க்கும். அதைத் தடுக்க உதடு தானாகவே இன்னும் கொஞ்சம் முன்னேறுவதை உணர்வீர்கள். அந்த உணர்வுதான் இந்தப் பயிற்சியின் பயன். மூச்சு அடிவயிற்றின் பிடியில் சீராக வர வேண்டும். தோள்கள் உயர்ந்தால் தொண்டை இறுகும், தொண்டை இறுகினால் நாதம் வறளும்.

இரண்டாவது பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆறு துளைகளையும் மூடி மந்திர மத்தியமத்தை (கீழ் ஸ்தாயியின் 'ம') ஊதுங்கள். அதே விரல் பிடிப்பில் உதட்டைச் சற்று முன்னேற்றினால் மத்திய ஸ்தாயியின் மத்தியமம் பேசும். இன்னும் சற்று முன்னேற்றினால், மந்திர மத்தியமத்தின் 3 மடங்கு அதிர்வெண்ணில், தார ஷட்ஜமே வந்து நிற்கும். துளைகள் எல்லாம் மூடியிருப்பதால் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்கும். அந்த ஒலி நிலைத்த பிறகு, உதட்டையும் காற்றையும் மாற்றாமல், முதல் இரண்டு விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் எடுத்து வழக்கமான தார ஷட்ஜத்துக்கு வாருங்கள். நாதம் சட்டென்று தெளிந்து ஒளிரும். முழுக் குழலின் காற்றையும் துடிக்க வைத்துப் பழகிய உதட்டுக்கு, அதைவிடக் குறுகிய காற்றுப்பகுதியை ஊதுவது எளிதாகிவிடுவதே இதற்குக் காரணம்.

தார காந்தாரத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அந்தர காந்தாரத்துக்கு ('க'வின் உயர்ந்த வகை) எல்லா விரல்களையும் எடுத்துவிடுகிறோம். அப்போது குழலைத் தாங்குவதற்குக் கட்டைவிரல்களும், இடது சுட்டுவிரலின் அடிப்பகுதியும், உதட்டின் கீழ்ப்பகுதியுமே மிஞ்சுகின்றன. குழல் ஓர் இழை உருண்டாலும் காற்றின் கோணம் மாறி, காந்தாரம் மட்டும் பிசிறடிக்கும். மாணவர்கள் உதட்டைக் குறை சொல்வார்கள். பிழையோ கையில் இருக்கும். கண்ணாடியின் முன் நின்று, தார ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையில் மெதுவாக மாறி மாறி ஊதி, ஊதுதுளை அசைகிறதா என்று பாருங்கள். வலது சுண்டுவிரலைக் குழலின் மேல் ஊன்றி வைத்தால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். தார மத்தியமத்துக்கு மேலே விரல் பிடிப்பு குழலுக்குக் குழல் மாறும் என்பதால், அதை உங்கள் ஆசிரியரிடமே கேட்டறியுங்கள்.

மேல் ஸ்தாயி வரிசைகளை மாயாமாளவகௌளையில் பாடம் செய்வதுதான் மரபு. எனினும் அந்த ராகத்தின் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் ('ரி', 'த' சுரங்களின் தாழ்ந்த வகைகள்) துளையைப் பாதி திறக்க வேண்டியிருக்கிறது. பாதி திறந்த துளையில் மேல் சுரத்தின் நாதம் இயல்பாகவே தளர்கிறது. ஆகவே நாதத்தைச் சீர்செய்யும் காலத்தில் முதலில் மோகன ராகத்தில் பழகுங்கள் என்பேன். அதன் ஐந்து சுரங்களுமே துளைகளை முழுதாகத் திறந்தும் மூடியும் வாசிக்கக்கூடியவை. உதடு பழகிய பிறகு மாயாமாளவகௌளைக்குத் திரும்பலாம்.

நம் ஊரின் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதித் தெருவில் 32 பாகை வெப்பத்திலிருந்து 20 பாகைக்குக் குளிரூட்டிய வகுப்பறைக்குள் நுழையும் குழலில், ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டரிலிருந்து 343 மீட்டராகக் குறைகிறது. அதாவது, குளிர்ந்த குழலின் சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கக்கூடும். மின்சுருதிப் பெட்டி இறங்குவதில்லை. அதை எட்டிப்பிடிக்க மாணவர் தம்மை அறியாமலேயே அழுத்தி ஊத, தார ஸ்தாயி கடினமாகிறது. உள்ளே நுழைந்தவுடன் குழலைக் கையில் பிடித்துச் சில நிமிடம் மந்திர ஸ்தாயியில் மெதுவாக ஊதி, அது மூச்சின் வெப்பத்துக்கு வந்த பிறகு மேலே போங்கள். திடீர் வெப்ப மாற்றமும் வறண்ட குளிர்காற்றும் மூங்கிலை வெடிக்க வைக்கும் என்பதால், குழலைத் துணியுறையில் வைத்தே எடுத்துச் செல்லுங்கள். அடைத்த முனையில் தக்கை இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். தக்கைக்கும் ஊதுதுளையின் நடுவுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய குழலின் உள்விட்டம் அளவுக்கு இருப்பது வழக்கம்; அது நகர்ந்திருந்தால் மத்திய, தார ஷட்ஜங்கள் ஒன்றோடொன்று சேராது.

கேள்வி ஞானத்துக்கு, மாலி என்று அழைக்கப்பட்ட புல்லாங்குழல் வித்துவான் டி. ஆர். மகாலிங்கத்தின் (1926–1986) வாசிப்பையும், அவருடைய மாணவர் என். ரமணியின் (1934–2015) வாசிப்பையும் கேளுங்கள். மேல் சுரங்களில் கார்வை நிற்கும் இடங்களையும், அது எவ்வளவு மெலிந்து முடிகிறது என்பதையும் கூர்ந்து கவனியுங்கள்.

ஒரு நாளில் தார ஸ்தாயிக்கு 15 நிமிடம் போதுமானது; அதையும் ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. உதடு நடுங்கத் தொடங்கினால் உடனே மந்திர ஸ்தாயிக்கு இறங்கிவிடுங்கள். சோர்ந்த உதடு மீண்டும் இழுத்துப் பிடிக்கும் பழக்கத்துக்கே திரும்பும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அண்டை வீட்டாரை எண்ணித் தயங்க வேண்டியதில்லை, ஏனெனில் இந்தப் பயிற்சிகள் எல்லாம் மென்மையாக ஊதுவதற்கானவையே. வாரம் ஒருமுறை கைப்பேசியில் பதிவு செய்யும்போது, அதைப் பக்கத்தில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வையுங்கள். ஊதுபவரின் காதுக்கு அருகில் கேட்கும் காற்றிரைச்சலில் பெரும்பகுதி அவ்வளவு தூரம் எட்டாது. எட்டியும் கேட்கிற பிசிறை மட்டும் திருத்தினால் போதும்.