வீட்டு விலை வளர்கிறதா, வீங்குகிறதா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

விலை ஏறுகிறது என்பதற்காக அதைக் குமிழி, அதாவது சரியான காரணம் இல்லாமல் ஊதிப் பெருத்து ஒரு நாள் வெடிக்கிற விலை, என்று சொல்லிவிட முடியாது. வேலை பெருகி, சம்பளம் கூடி, கட்டுவதற்கு இடமும் இல்லாமல் போனால் விலை ஏறத்தான் செய்யும். வாங்குகிறவரிடம் ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் "நாளைக்கு இன்னும் ஏறும்" என்பதைத் தவிர வேறு பதில் வராதபோதுதான் கவலைப்பட வேண்டும்.

முதலில் வாடகையைப் பாருங்கள், என் கணக்கில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டைப் போலவே பக்கத்தில் உள்ள வீட்டுக்கு, விளம்பரத்தில் கேட்கும் வாடகையை விட்டுவிட்டு, குடியிருப்பவர் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறார் என்று விசாரியுங்கள். அதை 12-ஆல் பெருக்கி, வரும் தொகையால் வீட்டு விலையை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 20 என்று வந்தால் வீடு வருஷத்துக்கு 5% சம்பாதிக்கிறது, 40 என்று வந்தால் 2.5% தான், அதிலும் வரியும் பராமரிப்புச் செலவும் இன்னும் கழிக்கவில்லை. சில ஊர்களில் இந்த எண் எப்போதுமே கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும், அதனால் வேறு ஊரோடு ஒப்பிடாமல் அதே ஊரில் பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். வாடகையை மாதச் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார்கள், அதில் யாரும் சூதாட முடியாது. அது அசையாமல் விலை மட்டும் இரண்டு மடங்காகியிருந்தால் நடுவில் வேறு ஏதோ பணம் புகுந்திருக்கிறது.

பெரும்பாலும் அது கடன் பணம். 20 வருஷக் கடனுக்கு 6% வட்டியில் 100 கடன் வாங்க முடிந்தவருக்கு, வட்டி 9% ஆனால் அதே மாதத் தவணைக்கு 80 தான் கிடைக்கும். சம்பளம் குறையவில்லை, வீடும் மாறவில்லை, ஆனால் அவரால் கொடுக்க முடிந்த விலை ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது! அமெரிக்காவில் மத்திய வங்கியின் வட்டி 2003-ல் 1% ஆக இருந்தது, 2006 நடுவில் 5.25% ஆனது. வீட்டு விலை உச்சம் தொட்டதும் அதே 2006-ல்தான், அங்கிருந்து 2012-க்குள் நாடு முழுவதும் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் இறங்கியது. வட்டி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வருமானத்தைக்கூட விசாரிக்காமல் அள்ளிக் கொடுத்த கடன்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால் இப்போது கடன் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம், விலை இறங்குவதை வைத்துச் சரிவைக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள், அதற்குள் காலம் கடந்திருக்கும். விற்பவர் லேசில் விலையைக் குறைக்க மாட்டார், மாதக்கணக்கில் காத்திருப்பார். அதனால் முதலில் படுப்பது விற்பனை எண்ணிக்கைதான். விற்பனைக்கு நிற்கும் வீடுகளை, ஒரு மாதத்தில் விற்கும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இருக்கிற வீடுகள் விற்றுத் தீர எத்தனை மாதம் ஆகும் என்பது கிடைக்கும். ஆறு மாதச் சரக்கு என்பதைச் சமநிலை என்பார்கள், அது எட்டு, பத்து என்று ஏறினால் பேரம் பேச ஆரம்பிக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களும் அமெரிக்க வீட்டுச் சந்தையில் குமிழி இருக்கிறதா என்ற கேள்வியை 2003-லேயே ஆராய்ந்தார்கள், விலை அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஏறியது. விழுந்தால் சீக்கிரம் எழுந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். ஜப்பானில் 1991 வாக்கில் உச்சத்துக்குப் போன நில விலை, அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆகவே சந்தையை விட்டுவிட்டு உங்கள் கணக்குக்கு வாருங்கள். 20% முன்பணம் போட்டு வாங்கினால், விலை 20% இறங்கும்போது நீங்கள் போட்டதெல்லாம் காகிதத்தில் பூஜ்யம். தவணையைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்க முடிந்தால் அது பெரிய பாதிப்பு இல்லை, வேலை போய் விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால்தான் அது உண்மையான நஷ்டமாகிறது. வட்டி 3% ஏறினாலும் தவணை கட்ட முடியுமா, ஆறு மாதம் சம்பளம் இல்லாவிட்டாலும் தாங்குமா, பத்து வருஷம் அங்கேயே இருக்கச் சம்மதமா என்று எழுதிப் பாருங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் குமிழியைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டு, அடுத்த வருஷம் அதே காகிதத்தை எடுத்துத் திரும்பக் கணக்குப் போடுங்கள்.