வீரப்பன் வேட்டைய பத்தி பேசறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தியமங்கலம், அந்தியூர், கொளத்தூர்னு மலையடிவாரத்துல இருக்கறவங்களுக்கு இது பழகிப்போன விசயமுங்க. ஓடிடில வீரப்பன் பத்தி புதுசா ஏதாச்சும் வந்துருச்சுன்னா அடுத்த வாரமே நாலு பேரு கேமராவ தூக்கிட்டு திம்பம் ஏறிருவாங்க, 27 கொண்டை ஊசி வளைவையும் ட்ரோன்ல எடுப்பாங்க (புலிகள் காப்பகத்துல ட்ரோன் விடக்கூடாதுங்கறது தனிக்கதை), ஆசனூர்ல டீ குடிச்சிட்டிருக்கற பெரியவர் ஒருத்தர புடிச்சு "வீரப்பன நேர்ல பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டுட்டு இறங்கிருவாங்க. அப்பறம் வர்ற வீடியோ எல்லாத்துலயும் அதே தப்புகதான். வீடியோ போடறவங்க, எழுதறவங்க, டீக்கடைல பேசறவங்க யாரா இருந்தாலும் இதையெல்லாம் கொஞ்சம் கவனிச்சா நல்லாருக்கும்.

பெரிய தப்பு என்னன்னா, வீரப்பன புடிக்க அறிவிச்ச பரிசுத்தொகைய போஸ்டர்ல போட்ட ஒரு நம்பராவே பாக்கறது. "தலைக்கு இத்தன கோடி"ன்னு தம்ப்நெய்ல்ல போட்டுட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க. அந்தப் பணம் காட்டுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு யாரும் சொல்றதில்ல. மாடு மேய்க்கப் போறவரு, தேன் எடுக்கறவரு, வெறகு பொறுக்கற அம்மா, சந்தைல கொஞ்சம் அதிகமா அரிசி வாங்குனவரு, இவங்க ஒவ்வொருத்தரும் ஒரே நாள்ல ரெண்டு பக்கத்துக்கும் சந்தேகப்பட்ட ஆளா ஆயிட்டாங்க. போலீசுக்கு தகவல் சொன்னா பணம் வரும், சொன்னது தெரிஞ்சா வீரப்பன் கொன்னுருவான், சொல்லலைன்னா அவனுக்கு சோறு போட்டேன்னு போலீஸ் இழுத்துட்டு போகும். பக்கத்து வரப்புக்காரன் மேல பழைய பகை இருந்தா அவன் பேர போட்டுக்கொடுக்கவும் இது நல்ல வழியாப் போச்சு.

இதுக்கு கர்நாடகா பக்கம் மீண்யத்துல நடந்த சம்பவத்த எடுத்துக்கங்க. கர்நாடகா எஸ்.பி. ஹரிகிருஷ்ணா, எஸ்.ஐ. ஷகீல் அகமது ரெண்டு பேரும் வீரப்பனோட கூட்டாளி குருநாதன முடிச்சிருந்தாங்க. அதுக்குப் பழி வாங்க வீரப்பன் நேரா ஸ்டேஷனுக்குப் போகல. அவங்க நம்பிட்டிருந்த இன்ஃபார்மரையே புடிச்சு வச்சு, மிரட்டி, இந்த எடத்துக்கு வந்தா ஆள் கெடைக்கும்னு தகவல் போக வச்சான். 1992 ஆகஸ்ட் 14ஆம் தேதி அத நம்பி கெளம்பி வந்த வண்டிய வழிமறிச்சு சுட்டதுல ரெண்டு அதிகாரிகளும் செத்துட்டாங்க. எந்த இன்ஃபார்மர வச்சு வேட்டை நடந்துச்சோ அதே ஆள வச்சே வேட்டைக்காரங்கள வரவச்சிருக்கான், இது புரியலைன்னா ஏன் இந்த வேட்டை வருசக்கணக்கா இழுத்துச்சுங்கறதும் புரியாது.

பாலாறு குண்டுவெடிப்பும் அப்படித்தானுங்க. 1993 ஏப்ரல் 9, மேட்டூர்லருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போற ரோட்டுல கண்ணிவெடி, 22 பேரு செத்தாங்க. "22 போலீஸ்"னு சர்வசாதாரணமா சொல்லிட்டு போறாங்க, தப்பு. அதுல பாதிக்கு மேல போலீசே இல்ல, வழி காட்டவும் தகவல் சொல்லவும் கூட்டிட்டு வந்த உள்ளூர் ஆளுங்க. போலீஸ் அதிகாரி "ராம்போ" கோபாலகிருஷ்ணன் பலத்த காயத்தோட உயிர் பொழச்சதுதான் எல்லா வீடியோவுலயும் வருது, செத்தவங்க யாரு, எதுக்காக அந்த வண்டில ஏறுனாங்க, ஏற மாட்டேன்னு சொல்ற நெலமைல இருந்தாங்களான்னு கேக்கறதுக்கு ஆளில்ல.

அடுத்தது பழிவாங்கற கதைய அவன் சொன்ன மாதிரியே சொல்றது. வனத்துறை அதிகாரி ஸ்ரீனிவாஸ் விசயத்துல இது ரொம்ப நடக்குது. தன்னோட தங்கச்சி தற்கொலை பண்ணிக்கிட்டதுக்கு ஸ்ரீனிவாஸ்தான் காரணம்னு வீரப்பன் நெனச்சான், அதனால கொன்னான், அண்ணன் பாசம்னு பின்னணி இசையோட முடிச்சிருவாங்க. ஆனா அந்த மனுசன் கோபிநத்தத்துலயே தங்கி, ஊருக்கு வைத்தியம் பாக்க ஏற்பாடு பண்ணி, மாரியம்மன் கோயில் கட்டிக் குடுத்து, துப்பாக்கியால முடியாதத இப்படி முடிக்கலாம்னு பாத்தவரு. வீரப்பன் சரணடையறான்னு தம்பி அர்ஜுனன் சொன்னத நம்பி, ஆயுதமில்லாம காட்டுக்குள்ள நடந்து போனவர 1991 நவம்பர் 10ஆம் தேதி கொன்னு தலைய வெட்டுனாங்க. இன்னைக்கும் கோபிநத்தத்துல அவர சாமி மாதிரி நெனைக்கறவங்க இருக்காங்க, வீரப்பன் பொறந்த ஊருலயே. அவன ஏழைங்களுக்கு அள்ளிக் குடுத்த மகராசன்னு சொல்றவங்க இந்த எடத்த மட்டும் ஃபாஸ்ட் ஃபார்வர்டு பண்ணிருவாங்க.

அதுக்காக மறுபக்கம் சாஞ்சு, வீரப்பன புடிக்க போட்ட அதிரடிப்படைய முழு ஹீரோவாக்கறதும் அதே அளவு தப்புதான். மலைக்கிராமத்து சனங்கள அடைச்சு வச்சு கரண்ட் ஷாக் குடுத்தாங்கன்னு சாட்சி சொன்னவங்க இருக்காங்க, மாதேஸ்வரன் மலைல அந்த எடத்துக்கு "ஒர்க்‌ஷாப்"னே பேரு. தேசிய மனித உரிமை ஆணையம் 1999ல நீதிபதி சதாசிவா தலைமைல விசாரணைக் குழு போட்டு, கடைசில 2007ல 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூவா நட்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. தடாங்கற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல கேஸ் போட்டு வருசக்கணக்கா மைசூர் ஜெயில்ல கெடந்தவங்கள்ல பெரும்பாலானவங்க 2001ல விடுதலை ஆனாங்க. ஆனா ஆடு மாடு வித்து, காடு தரிசாப் போயி, புள்ளைங்க படிப்பு நின்னு போனது எந்தத் தீர்ப்புலயும் திரும்பி வராதுங்க.

இங்க இன்னொரு கொழப்பம் வருது, வாச்சாத்திய இதோட சேத்து "அதிரடிப்படை பண்ணுச்சு"ன்னு எழுதறது. வாச்சாத்தி தர்மபுரி மாவட்டம், 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறேன்னு போனது வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க. 18 பொண்ணுங்களுக்கு நடந்த கொடுமைக்கு 2011ல தீர்ப்பு வந்துச்சு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 155 பேரு வனத்துறை. 2023ல ஹைகோர்ட்டும் அதயே உறுதி பண்ணுச்சு. இத தூக்கி வேற கணக்குல எழுதுனா உண்மைல பண்ணுன டிபார்ட்மெண்ட்டு தப்பிச்சுக்கும்.

பேராசைன்னு வந்தா எல்லாரும் வீரப்பன் மீசையவே காட்டறாங்க. தந்தத்தையும் சந்தனத்தையும் அவன் தானே சந்தைல உக்காந்து விக்கலயே. வெட்டுன கூலிக்காரன் செத்தான், இல்ல உள்ள போனான், வாங்குன பெரிய வியாபாரி யாரு, செக்போஸ்ட்ட தாண்டி லாரி எப்படி போச்சு? நான் பாத்த எந்த வீடியோவுலயும் இந்தக் கேள்வி ஒரு நிமிசத்துக்கு மேல வரல. 1986லயே பெங்களூர்ல புடிச்சு, பூதிப்படுகை வன விடுதில வச்சிருந்தப்போ தப்பிச்சு போயிட்டான், அது எப்படிங்கறதயும் தோண்டறவங்க கொஞ்சம் பேருதான்.

சின்னச் சின்னதா சிலது. அவன் கொன்னவங்க எண்ணிக்கை ஒரு எடத்துல 120ன்னு இருக்கும், இன்னொரு எடத்துல 184, யானைக்கு கேக்கவே வேண்டாம், யாரு குடுத்த கணக்குன்னு போடாம நம்பர் மட்டும் போடாதீங்க. கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தல் கர்நாடகாவுல நடந்துச்சுன்னு சொல்றதும் தப்பு, 2000 ஜூலை 30ஆம் தேதி ராத்திரி நடந்தது நம்ம ஈரோடு மாவட்டம் தாளவாடி பக்கம் தொட்டகாஜனூர்ல. கோபிநத்தம் எப்பவுமே கர்நாடகாதான்னும் சொல்லாதீங்க, 1956க்கு முன்னாடி அந்த கொள்ளேகால் தாலுக்காவே கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்துச்சு, காட்டுக்கு பார்டர் எல்லாம் அப்பறம் வந்தது.

முடிவ சொல்றப்பவும் துப்பாக்கி சத்தத்தோட நிறுத்திடறாங்க. 2004 அக்டோபர் 18, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி, கண்ணு சரியில்லாம வைத்தியத்துக்குன்னு ஆம்புலன்ஸ்ல ஏறுனான், ஓட்டுனதே போலீஸ், கூட்டாளி சேத்துக்குளி கோவிந்தனோட சேத்து நாலு பேரும் முடிஞ்சாங்க. அப்பறம் பணம் யாருக்கு போச்சுன்னு பாருங்க. அதிரடிப்படைல இருந்த ஒவ்வொருத்தருக்கும் 3 லட்சம், பதவி உயர்வு, வீட்டு மனைன்னு அரசு அறிவிச்சுச்சு. உளவு சொல்லி உதவுன எனக்கு சொன்ன பரிசு வரலன்னு கோவைல ஒருத்தங்க மனு மேல மனு போட்ட செய்தியும் பேப்பர்ல வந்துச்சு.

மலைக்கு வந்து பேட்டி எடுக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. "நீங்க யாருக்கு சோறு போட்டீங்க, யாரு காட்டிக் குடுத்தா"ன்னு கேமராவ மூஞ்சிக்கு நேரா வச்சு கேக்காதீங்க. காட்டிக் குடுத்தவங்கன்னு பேரெடுத்த குடும்பமும், அதனால ஆள பறிகுடுத்த குடும்பமும் இன்னும் ஒரே ஊருல, ஒரே பைப்புல தண்ணி புடிச்சிட்டிருக்காங்க, நீங்க வீடியோ போட்டுட்டு ராத்திரிக்கு பண்ணாரி செக்போஸ்ட் மூடறதுக்குள்ள கீழ எறங்கிருவீங்க.