மழைக் காலத்தில மனசு சோர்ந்து போறவங்களுக்கு: கொழும்பு வீட்டில இருந்தே தொடங்கக்கூடிய சில படிகள்

மே மாசம் தென்மேல் மழை பிடிச்சா எங்கட வெள்ளவத்தை ஃப்ளாட்டில பகல் 11 மணிக்கும் லைட் போடோணும், அரைகுறையாக் காய்ஞ்ச உடுப்பு ஹோல் முழுக்கத் தொங்கும், கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தா தூவானம் அடிக்குமெண்டு அதையும் பூட்டி வச்சிருப்பம். அப்பிடியே ரெண்டு மூண்டு கிழமை போனா எனக்கு ஒண்டும் செய்ய மனம் வராது, ஆராவது போன் எடுத்தாலும் கதைக்க அலுப்பு, பின்னேரம் படுத்து எழும்பிட்டு இரவில முழிச்சுக்கொண்டு கிடப்பன். கன வருஷமா இதை சோம்பல் எண்டுதான் நினைச்சன்.

டொரொண்டோவில இருக்கிற அக்காவுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் இதுமாதிரி வரும், அவவின்ர டாக்டர் அதுக்கு 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் தாற ஒரு லைட் பெட்டியை காலமையில முன்னுக்கு வச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்கச் சொன்னவர். பருவத்தோட வாற இந்த மனச்சோர்வை 1984இல அமெரிக்காவில நோர்மன் ரோசன்தால் எண்ட டாக்டரும் அவரோட வேலை செய்தவையும்தான் முதல் விவரிச்சு எழுதினவை. ஆனா டொரொண்டோவில டிசம்பரில பகல் 9 மணித்தியாலம் கிட்டத்தான். கொழும்பில வருஷத்தின்ர ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறைஞ்ச பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. எங்களுக்குப் பகல் நேரம் குறையிறேல்ல, நாங்கள்தான் மழைக்கும் வெயிலுக்கும் பயந்து உள்ளுக்க அடைஞ்சு போறம். அதால லைட் பெட்டி வாங்க ஓடாதேங்கோ, முதல் கீழ இருக்கிறதைச் செய்து பாருங்கோ.

படி 1: ஒரு கொப்பி எடுங்கோ

ஏழு நாளைக்கு இரவு படுக்கேக்க நாலே நாலு விஷயம் எழுதுங்கோ: எத்தினை மணிக்கு எழும்பினீங்கள், எவ்வளவு நேரம் வெளியில நிண்டீங்கள், ஆரோட முகம் பாத்துக் கதைச்சீங்கள், மனசுக்கு பத்துக்கு எத்தினை. இந்தக் கிழமை வேற ஒண்டையும் மாத்த வேண்டாம். நான் முதல் தரம் எழுதேக்க மூண்டு நாள் தொடர்ந்து "வெளியில: 0 நிமிஷம்" எண்டு இருந்துது, அதைப் பாத்துத்தான் எனக்கே விளங்கினது.

படி 2: எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள்ள வெளிச்சம்

இதுதான் முக்கியம், ஒண்டு மட்டும்தான் செய்ய ஏலுமெண்டா இதைச் செய்யுங்கோ. வீட்டு லைட் வெளிச்சம் அனேகமா 100இல இருந்து 500 லக்ஸுக்குள்ளதான் வரும், ஆனா மேகம் மூடின நாளிலகூட வெளியில ஆயிரக்கணக்கில இருக்கும், எங்கட கண்ணுக்கு அந்த வித்தியாசம் பெரிசாத் தெரியாது, ஆனா மூளைக்குள்ள இருக்கிற உடம்பின்ர மணிக்கூடு அதை வச்சுத்தான் பகல் தொடங்கிட்டுது எண்டு கணக்குப் பாக்குது. காலமை வெளிச்சம் கண்ணில பட்டா நித்திரைக்கு உடம்பு சுரக்கிற மெலடோனின் குறையும், இரவு நித்திரை நேரத்துக்கு வரும்.

அதால பிளேன்டீ கோப்பையோட பல்கனிக்கோ மொட்டை மாடிக்கோ போய் 20, 30 நிமிஷம் இருங்கோ. மழை எண்டா கூரைக்குக் கீழ நிண்டாலும் பரவாயில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளுக்க இருந்தா வெளிச்சம் கனக்கக் குறைஞ்சு போகும். சூரியனை நேரா மட்டும் பாக்காதேங்கோ.

படி 3: மழையைப் பாத்து நடையை மாத்துங்கோ

கொழும்பு மழை எல்லா மாசமும் ஒரு மாதிரி இல்லை. ஏப்ரலிலயும் ஒக்டோபர் நவம்பரிலயும் அனேகமா காலமை வெளிச்சிருக்கும், பின்னேரம்தான் இடி மின்னலோட கொட்டும். அந்த மாசங்களில "பின்னேரம் நடப்பம்" எண்டு வச்சா கிழமையில நாலு நாள் தவறும், காலமை 6 மணிக்கு மாத்துங்கோ. மே, ஜூன் மழை எந்த நேரமும் வரும், அதுக்கு வீட்டுக்குள்ள ஒரு திட்டமும் வேணும்: ஃப்ளாட் படிக்கட்டில 10 நிமிஷம், இல்லாட்டி கீழ கார் பார்க்கில சுத்துறது.

மழை விட்ட நாளில விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கத்து நடைபாதை, கொஞ்சம் தூரம் போக ஏலுமெண்டா பெத்தகான ஈரநிலப் பூங்கா. மழைக்குப் பிறகு அங்க போனா எத்தினை கொக்கும் நாரையும் நிக்கும் தெரியுமோ, அதைப் பாத்துக்கொண்டு நிண்டாலே நெஞ்சுக்குள்ள இருந்த இறுக்கம் கழரும். மின்னல் நேரம் காலிமுகத்திடல் மாதிரி வெளியான இடத்தில நிக்க வேண்டாம். வேகமான நடை மாதிரி உடற்பயிற்சி கிழமைக்கு 150 நிமிஷம் வேணுமெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, புதுசாத் தொடங்குறவை முதல் கிழமை 10 நிமிஷத்தோட நிப்பாட்டுங்கோ.

படி 4: மனம் வரமுதல் செய்யுங்கோ

மனம் வந்தாப் பிறகு செய்வம் எண்டு இருந்தா அது வராது, ஏனெண்டா சோர்வு ஆளைச் சும்மா இருக்க வைக்கும், சும்மா இருந்தா சோர்வு இன்னும் கூடும். மனநல சிகிச்சையிலயே இதைப் பிடிச்சு ஒரு முறை இருக்கு, சின்ன வேலையை நேரம் குறிச்சுச் செய்விக்கிறது. "வீட்டைத் துப்பரவாக்கோணும்" எண்டு எழுதாதேங்கோ, "செவ்வாய் 4 மணி, அலுமாரியில ஒரு தட்டு" எண்டு எழுதுங்கோ. செய்ய முதலும் செய்த பிறகும் பத்துக்கு எத்தினை எண்டு குறியுங்கோ. 3 இருந்தது 4 ஆனாக் காணும்.

படி 5: நித்திரை, தேத்தண்ணி, சாப்பாடு

எழும்புற நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாத்தாதேங்கோ. பகல் படுக்கிறதெண்டா 20 நிமிஷம், 3 மணிக்கு முதல். தேத்தண்ணியில இருக்கிற கஃபீன் உடம்பில பாதி குறையவே ஐஞ்சு மணித்தியாலம் அளவில போகும், அதால பின்னேரத் தேத்தண்ணியை 2 மணியோட முடிச்சு, பிறகு மல்லித்தண்ணி. ஏப்ரல் புழுக்கத்தில படுக்க முதல் குளிச்சிட்டு மின்விசிறிக்குக் கீழ படுங்கோ, நித்திரை கெட்டாலும் மனசு கெடும். சாப்பாட்டில பெரிய மந்திரம் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, சாளை மீன், பயறு, வல்லாரைச் சம்பல் இதுகள் காணும்.

படி 6: ஆட்களோட கதைக்கிறது

எங்களில கனபேர் வெளிநாட்டுச் சொந்தத்தோட நடுச்சாமம் வரைக்கும் கதைச்சு நித்திரையைக் கெடுக்கிறம். டொரொண்டோவில இரவு எட்டரை எண்டா கோடையில இங்க காலமை 6 மணி. நானும் அக்காவும் இப்ப அந்த நேரம்தான் கதைக்கிறம், நான் நடந்துகொண்டே. ரெண்டு வேலையும் முடியுது, இந்த ஒரு மாத்தம்தான் எனக்கு ஆகக் கூட உதவினது. அதோட கிழமையில ஒருக்கா ஆரையாவது நேரில பாருங்கோ, கோயிலுக்குப் போற வழியிலயாவது.

எப்ப டாக்டரிட்டப் போறது

ரெண்டு கிழமைக்கு மேல அனேகமா எல்லா நாளும் சோர்வு, முந்தி விருப்பமா இருந்ததிலயும் விருப்பம் இல்லை, வேலைக்குப் போக ஏலேல்ல எண்டா காத்திருக்க வேண்டாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும்கூட இப்பிடிக் காட்டும், இரத்தம் சோதிச்சா தெரியும். முந்தி மனசு அளவுக்கு மீறித் துள்ளி நித்திரையே தேவைப்படாத காலம் வந்திருந்தா, டாக்டரைக் கேக்காமல் லைட் பெட்டி பாவிக்கக் கூடாது. வேற மருந்து எடுக்கிறாக்கள் மனசுக்கெண்டு விக்கிற மூலிகைக் குளிசையையும் கேக்காமல் தொட வேண்டாம். சாகலாம் போல நினைப்பு வந்தா இந்தப் படியெல்லாத்தையும் விட்டிட்டு அந்த நேரமே 1926க்கு எடுங்கோ, அது தேசிய மனநல உதவி இலக்கம், பக்கத்தில இருக்கிற ஒராளிட்டயும் வாய் திறந்து சொல்லுங்கோ.

டாக்டரிட்டப் போகேக்க அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கோ, எத்தினை நாள் நித்திரை இல்லை, எப்ப தொடங்கினது எண்டு அவர் கேக்கேக்க அதைத் திறந்து காட்டினாக் காணும்.